கன்னியாகுமரிக்கு ஒரே நாள்: எதை முதலில், எதை விடலாம்?

ஒரே நாளில் எப்படிப் பார்ப்பது, உதயமும் அஸ்தமனமும் எப்போது நல்லாத் தெரியும் என்று கேட்டிருந்தீங்க. ஊர் ஊராகச் சொல்றோம்.

கன்னியாகுமரியிலிருந்து:

ஒரு நாள் பயணம் இங்கே கெடுவதற்குத் தூரம் காரணமே இல்லை. எல்லாம் பக்கம் பக்கமாத்தான் இருக்கு. கதவு சாத்துற நேரம்தான் ஆளைக் கவுக்கும். கடலுக்குள் இருக்கும் விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகு சாயங்காலம் 4 மணி வாக்கில் நின்றுவிடும், கோவில்கள் மதியம் நடை சாத்தும், தக்கலை பக்கமுள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கள் விடுமுறை. இந்த மூன்றையும் வைத்துத்தான் நாளைப் பிரிக்கணும்.

முதல் வேலை படகு. பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகு காலை 8 மணியளவில் ஓடத் தொடங்கும். உதயம் பார்த்துவிட்டு அறைக்குப் போய்க் குளித்து, டிபன் சாப்பிட்டு 9 மணிக்கு வருகிறவர்கள்தான் நீள வரிசையின் வாலில் நிற்கிறார்கள். உதயம் முடிந்ததும் நேராகப் படகுத்துறைக்கு நடந்துவிடுங்க. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வரும் நாட்களிலும் தொடர் விடுமுறையிலும் சிறப்புக் கட்டண வரிசையில் போவதே மேல். விவேகானந்தர் பாறைக்கு நுழைவுச்சீட்டு தனி, சில்லறை கையில் இருக்கட்டும்.

படகு ஓடாத நாளும் உண்டு. காற்று, கடல் சீற்றம் ஒரு காரணம். இன்னொன்று, வெளியூர்க்காரர்களுக்குப் புரியாதது: கடல் அமைதியாக இருக்கும், ஆனாலும் படகு நிற்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர்மட்டம் தாழ்ந்தால் படகு தரைதட்டும், அதனால் நிறுத்திவைப்பார்கள். நீர் ஏறியதும் திரும்ப ஓடும். "இன்னைக்குக் கிடையாதுபோல" என்று ஊரை விட்டே கிளம்பிவிடாதீங்க, கவுண்டரில் கேளுங்க.

முன்பெல்லாம் பாறைக்குப் போக முடியும், வள்ளுவர் சிலைக்குப் போக முடியாது என்ற நிலை அடிக்கடி வரும். சிலைப் பக்கம் படகு அணைவது சிரமம். 2024 டிசம்பர் 30 அன்று திறந்த கண்ணாடிப் பாலம் அதை மாற்றிவிட்டது. 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பாறையிலிருந்து நடந்தே சிலைக்குப் போகலாம். 133 அடி சிலையில் பீடம் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரத்துக்கு. மீதி 95 அடி பொருளுக்கும் இன்பத்துக்கும். பீடத்துக்குள்ளே படியேறி வள்ளுவர் காலடிக்குப் போய் நிமிர்ந்து பார்த்தால்தான் கணபதி ஸ்தபதி செய்த வேலையின் அளவு தெரியும். பாலத்தில் நின்று படம் எடுத்ததோடு திரும்பிவிடுகிறார்கள், அது பெரிய இழப்பு.

பாறையில் செருப்பைக் கழற்றணும். 11 மணிக்கு மேல் கல் கொதிக்கும். குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் சாக்ஸ் எடுத்துப் போங்க.

தக்கலையிலிருந்து:

பத்மநாபபுரம் அரண்மனையை "நேரம் இருந்தா பார்ப்போம்" பட்டியலில் போடாதீங்க. நிலம் தமிழ்நாடு, பராமரிப்பு கேரளத் தொல்லியல் துறை. காலை 9 முதல் 1 வரை, பிறகு 2 முதல் 4.30 வரை. மதியம் 1 மணிக்கு வந்து வாசலில் நிற்கிறவர்களை நாள்தோறும் பார்க்கலாம். 2 மணிக்கு வந்தால் நிதானமாகப் பார்க்க நேரம் இருக்கும். 4 மணிக்கு வந்தால் ஓட்டப்பந்தயம்தான்.

உள்ளே மந்திரசாலையில், அதாவது ராஜாவின் ஆலோசனை மண்டபத்தில் நின்று தரையைப் பாருங்க. கருப்பாக, முகம் தெரிகிற அளவுக்கு மினுங்கும். சுண்ணாம்பு, எரித்த சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக் கரு என்று சேர்த்துத் தேய்த்த தரை. வெறுங்காலில் நடக்கும்போது அதன் குளிர்ச்சி தெரியும். சன்னல்களில் அபிரக (மைக்கா) தகடுகள், வெளிச்சம் உள்ளே வரும், வெயில் வராது. நிலைவாசல்கள் தாழ்வு, உயரமானவர்கள் தலையைக் காத்துக்கொள்ளுங்க. படிகள் குறுகல், முட்டி வலி உள்ளவர்கள் கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நாகர்கோவிலிலிருந்து தக்கலை 15 கிலோமீட்டர்தான். ஆனால் பள்ளி விடும் நேரத்தில் அந்தச் சாலைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்க.

சுசீந்திரத்திலிருந்து:

மேலே சொன்ன வரிசையில் கோவில் சரியாகப் பொருந்தும். காலையில் படகு, மதியம் அரண்மனை, திரும்பும் வழியில் 5 மணி வாக்கில் சுசீந்திரம் தாணுமாலயன் கோவில். நடை திறந்திருக்கும், வெயிலும் இறங்கியிருக்கும். ஆண்கள் சட்டையைக் கழற்றணும், கன்னியாகுமரி பகவதி அம்மன் கோவிலிலும் அப்படியே. 18 அடி ஆஞ்சநேயரைப் பார்த்ததும் திரும்பிவிடாமல் அலங்கார மண்டபத்துக்கும் பழைய கொன்றை மரத்தடியான கொன்றையடிக்கும் போங்க. மண்டபத்து இசைத்தூண்களைத் தட்டிப் பார்க்க ஆசை வரும், தயவுசெய்து வேண்டாம். ஒரே கல்லில் செதுக்கிய கொத்துத் தூண்கள், பழுதானால் திரும்பச் செய்ய ஆள் இல்லை.

பஸ்ஸில் வருகிறவர்களுக்கு: நாகர்கோவிலில் தொலைதூர வண்டிகளுக்கு வடசேரி, டவுன் பஸ்களுக்கு மீனாட்சிபுரத்தில் உள்ள அண்ணா பேருந்து நிலையம். ரயிலிலும் ஜங்ஷன் வேறு, டவுன் ஸ்டேஷன் வேறு. சீட்டில் எது போட்டிருக்கு என்று பார்த்து இறங்குங்க.

குலசேகரத்திலிருந்து:

திற்பரப்பு அருவியையும் மாத்தூர் தொட்டிப்பாலத்தையும் இதே நாளில் திணிக்காதீங்க. வரைபடத்தில் தக்கலைக்குப் பக்கம் மாதிரித் தெரியும், மலையடிவாரச் சாலை வளைந்து வளைந்து நேரம் தின்னும். தொட்டிப்பாலம் 28 தூண்களில், 115 அடி உயரத்தில், பறளியாற்றுக்கு மேலே தண்ணீரைக் கொண்டுபோகிறது. 1966-இல் கட்டியது. மேலே நடந்து, கீழே இறங்கித் தூணின் அடியில் நின்று பார்க்க நேரம் வேணும். மழைக்காலத்தில் அணை திறந்தால் அருவியில் குளிக்கத் தடை வரும். இரண்டாம் நாள் இருந்தால் வாங்க.

மறுபடியும் கன்னியாகுமரியிலிருந்து:

உதயம், அஸ்தமனம் பற்றிக் கேட்டிருந்தீங்க. அக்டோபர் முதல் பிப்ரவரி வரை சூரியன் தெற்கே தள்ளி நகர்வதால் இரண்டுமே கடலில் தெரியும். அதிலும் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை மேகம் மறைத்துவிடும். ஜனவரி, பிப்ரவரிதான் நல்ல காலம், அப்போது உதயம் 6.40 மணி வாக்கில். மே, ஜூன், ஜூலையில் சூரியன் வடமேற்கே நிலத்துப் பக்கம் இறங்கும். அந்த மாதங்களில் அஸ்தமனத்துக்காக ஓடுவதைவிட சுசீந்திரத்தில் நின்று கும்பிடலாம்.

திங்கட்கிழமை வந்தால் அரண்மனைக்குப் பதில் கடலோரத்து வட்டக்கோட்டை, இங்கிருந்து 6 கிலோமீட்டர். படகு காலையில் நிறுத்தம் என்றால் வரிசையைத் திருப்பிப் போடுங்க: 9 மணிக்கே அரண்மனை, மதியத்துக்குள் திரும்பி வந்து படகு. முக்கடல் கூடும் இடத்தில் குளிக்கிறவர்கள் தடுப்புக்கு உள்ளேயே நில்லுங்க, வெளியே பாறையும் இழுவையும் உண்டு. போகும்போது ஒரு சீப்பு மட்டிப்பழம் (இந்தப் பக்கத்து வாழைப்பழம்) வாங்கிக்கங்க. பழுத்ததை வாங்கினால் ரயிலில் நசுங்கும், காய்வெட்டாக, அதாவது இன்னும் பழுக்காததாகக் கேளுங்க.