12 பேர், 14 நாள்

வாட்ஸ்அப் குழு: முரசுமோட்டை வீடு

ஞாயிறு

துளசி: எல்லோருக்கும் வணக்கம். அன்ட்ராய்ட் போன் வைத்திருக்கிற 12 பேர் வேண்டும். 14 நாளைக்கு.

சின்ன மாமி: என்ன பிள்ளை, யாருக்கும் கலியாணமா?

துளசி: இல்லை மாமி. பெரியப்பாவின் நெல் வெட்டு மெஷின் எந்த நாள் எந்த வயலுக்குப் போகிறது என்று எழுதிவைக்க ஒரு அப் செய்கிறேன் என்று சொன்னேனே, அது முடிந்துவிட்டது. பிளே ஸ்டோருக்கு 25 டொலரும் கட்டியாயிற்று, அது ஒருமுறைதான். ஆனால் புதிதாகத் தன் பெயரில் கணக்குத் திறக்கிறவர்கள், வெளியிட முதல் 12 பேரை வைத்துத் தொடர்ச்சியாக 14 நாள் சோதித்துக் காட்ட வேண்டும். கூகுளின் சட்டம்.

ரூபன் மாமா: அந்த ஃபைலை இங்கேயே அனுப்பிவிடு. நாங்கள் போட்டுக்கொள்கிறோம். ஏன் இவ்வளவு கரைச்சல்?

துளசி: அனுப்பலாம் மாமா. ஆனால் ஒவ்வொரு பிழை திருத்தும்போதும் திரும்ப அனுப்ப வேண்டும். யார் போனில் எது கிடக்கிறது என்று எனக்கே தெரியாமல் போய்விடும். அதோடு, வாட்ஸ்அப்பில் வருகிற ஏபிகே, அதுதான் அப் ஃபைல், எதையும் அமத்த வேண்டாம் என்று போன கிழமைதான் அம்மாவுக்குச் சொன்னேன். பரிசு விழுந்திருக்கிறது என்று ஒன்று வந்து, பாதி போட்டுவிட்டா.

அம்மா: அதை ஏன் இங்கே எழுதுகிறாய்?

கஜன் (ரொறன்ரோ): நான் ரெடி. ஆனால் என்னுடையது ஐபோன்.

துளசி: சரிவராது அண்ணா. ஃபிளட்டர் என்ற கருவியில் எழுதியதால் ஐபோனுக்கும் ஏறக்குறைய அதே கோட் போதும். ஆனால் அப்பிள் வருசா வருசம் 99 டொலர் கேட்கும். கண்டாவளை வயலில் ஐபோனோடு யார் நிற்கிறார்கள்?

கஜன் (ரொறன்ரோ): சரி, ஏஐயாவது போடு. கமக்காரர் அப்புக்குள் வந்து கதைத்தால் அதுவே திகதி கொடுக்க வேண்டும். இப்போது எல்லா பிசினஸும் அந்தப் பக்கம்தான் போகிறது.

துளசி: குரலை எழுத்தாக்கிப் பார்த்தேன் அண்ணா. மேடைப் பேச்சு என்றால் வடிவாக எழுதுகிறது. ரூபன் மாமா மெஷின் இரைச்சலில் "நாலேக்கர் முடிஞ்சுது" என்றதை "நாளைக்கு முடிஞ்சுது" என்று எழுதியது.

பெரியப்பா: தம்பி கஜன், கமக்காரனுக்கு அப் வேண்டாம். அவன் எனக்குப் போன் எடுப்பான். நெல் சாய்ந்துவிட்டது என்று சொல்கிற குரலிலேயே எனக்கு விளங்கும், உண்மையாகச் சாய்ந்ததா, முந்தி வெட்டுவதற்காகச் சொல்கிறானா என்று. வயல் ஈரம் என்றால் மெஷின் புதையும், அங்கே இரண்டு நாள் பொறுக்க வேண்டும். இதெல்லாம் நான் பார்த்துக்கொள்வேன். எனக்குக் கரைச்சல் கொப்பிதான்.

ரூபன் மாமா: அது உண்மை. போன காலபோகம் அண்ணையின் கொப்பியில் ஒரு வயல், என் கொப்பியில் வேறு வயல், இரண்டும் ஒரே விடியலுக்கு. மெஷின் ஒன்று. இரண்டு இடத்திலும் பேச்சு வாங்கியவன் நான்.

துளசி: அதனால்தான் கமக்காரருக்கு ஒன்றும் செய்யவில்லை. இது மெஷின் வைத்திருப்பவருக்கும் ஓட்டுபவருக்கும் மட்டும். விசுவமடுவில் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், அதற்குத்தான் பிளே ஸ்டோர்.

சித்தி (வவுனியா): போன வருசம் இதே மாதிரி அப்புக்கு ஒரு கொம்பனிக்காரருக்கு அண்ணை முற்பணம் கொடுத்தாரே?

பெரியப்பா: அதை விடு. சிக்னல் இருந்தால்தான் திறக்கும். வயலுக்குள் போனால் நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

துளசி: இதில் எல்லாம் முதலில் போனுக்குள்ளேயே எழுதப்படும். எஸ்கியூலைட் என்று ஒரு சின்னக் களஞ்சியம். பிறகு பரந்தன் பக்கம் வந்து சிக்னல் கிடைத்ததும் இரண்டு போனும் கணக்கை மாற்றிக்கொள்ளும்.

ரூபன் மாமா: சிக்னல் இல்லாத நேரம் அண்ணை ஒன்று, நான் ஒன்று எழுதினால்? திரும்பவும் அதே சண்டைதானே.

துளசி: நல்ல கேள்வி மாமா. கடைசியாக எழுதியதை எடுத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுவது லேசு, பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அழிந்துபோனது ஒருவருக்குக் கொடுத்த வாக்கு. அதனால் இதில் எதுவும் அழியாது. இரண்டும் சிவப்பில் பக்கத்தில் பக்கத்தில் வரும். பெரியப்பா பார்த்து ஒன்றை அமத்தினால்தான் சிவப்புப் போகும்.

பெரியப்பா: அது சரி.

புதன்

சித்தி (வவுனியா): பழைய கணக்கு எக்செலை உனக்கு அனுப்பினேனே, அப்பில் ஒன்றும் வாசிக்க முடியவில்லை. நெல் என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலத்தில் என், ஈ, வை, பிறகு ஒரு அரைப்புள்ளி.

துளசி: பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறீர்கள் சித்தி. அந்த ஃபைலுக்குள் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துக்கு மேல் தமிழ்ச் சட்டை போட்டதுதான் பாமினி, சட்டை இல்லாத போனில் உடம்பு தெரிகிறது. எல்லாப் போனும் வாசிக்கிற யூனிகோடுக்கு மாற்றிவிட்டேன், இப்போது பாருங்கள்.

சித்தி (வவுனியா): வந்துவிட்டது. எங்கள் கந்தோரில் இன்னும் பாமினிதான், சொன்னால் யார் கேட்கிறார்கள்.

ரூபன் மாமா: அந்த ஏக்கர் அளக்கிறதைப் பார்த்தேன். வரம்பைச் சுற்றி நடந்தேன், 3.9 காட்டியது. வயல்காரர் 4 என்கிறார். டேட்டா இல்லாமலே வேலை செய்கிறதே?

துளசி: ஜிபிஎஸ்ஸுக்கு டேட்டா தேவையில்லை மாமா, வானம் தெரிந்தால் போதும். ஆனால் திறந்த வெளியிலும் சுமார் 5 மீற்றர் பிசகலாம். 4 ஏக்கரில் அது பெரிதாகத் தெரியாது. கால் ஏக்கர் துண்டுக்கு அதை நம்பிக் கூலி கேட்க வேண்டாம்.

சின்ன மாமி: எங்களுக்கு ஏக்கர் விளங்காது, பரப்பில் காட்டு.

துளசி: யாழ்ப்பாணத்து மாமிக்காக 16 ஆல் பெருக்கி அதையும் போடுகிறேன்.

ரூபன் மாமா: இன்னொன்று. பத்து மணி வெயிலில் திரை கறுப்பாகத்தான் தெரிகிறது. கையில் நெல்லுமி, தூசி. "முடிந்தது" என்ற பொத்தான் கடுகு மாதிரி இருக்கிறது.

துளசி: திரையின் பாதிக்கு அந்தப் பொத்தானையே போட்டுவிடுகிறேன். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. இதை நான் அறைக்குள் இருந்து கண்டுபிடித்திருக்க மாட்டேன் மாமா.

செவ்வாய்

துளசி: யார் விலகியது? 11 என்று காட்டுகிறது. இன்றைக்கு 9ஆம் நாள்!

சித்தி (வவுனியா): "சோதனையிலிருந்து விலகு" என்று ஒன்று இருந்தது. சோதனை முடிந்துவிட்டது என்று நினைத்து அமத்தினேன்.

துளசி: சித்தீ…

சின்ன மாமி: மேல்வீட்டுத் தம்பியைச் சேர்க்கட்டா? அவனுக்கு ஜிமெயில் இருக்கிறது.

துளசி: சேருங்கள் மாமி. சித்தியும் திரும்பச் சேரட்டும், 13 ஆக இருக்கட்டும். ஆனால் நாள் கணக்கு இன்றையிலிருந்துதான்.

ரூபன் மாமா: நல்லது, அதற்குள் இன்னும் நாலு வயல் வெட்டிப் பார்க்கலாம்.

பெரியப்பா: நாளைக்கு விடிய 5 மணி, புளியம்பொக்கணை, 4 ஏக்கர். கொப்பியிலும் எழுதினேன், அதிலும் போட்டேன்.

துளசி: அதில் 40 ஏக்கர் என்று இருக்கிறது பெரியப்பா.

பெரியப்பா: விரல் பெரிசு.

ரூபன் மாமா: 40 என்றால் எனக்கு இப்போதே காய்ச்சல்.