ரொறன்ரோவுக்கு அம்மாவுடன் பயணம்: எந்த விமானம், எந்த ஆசனம்?

கல்லடி மகள்

வணக்கம். ரொறன்ரோவில் இருக்கும் தம்பிக்குப் பிள்ளை பிறந்திருப்பதால், வருகிற ஆனி மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு அங்கே போகவிருக்கிறேன். அம்மாவுக்கு 68 வயது. இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம் உண்டு, நீரிழிவுக்கு மாத்திரை எடுக்கிறார், உயரம் ஐந்தடிதான். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் போய் இறங்கினாலே அவருடைய கணுக்கால்கள் வீங்கிவிடும் என்பதால், விமானத்தில் அத்தனை மணித்தியாலம் எப்படி இருப்பார் என்ற யோசனை என்னை விட்டுப் போகவில்லை.

எங்களுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. கொழும்பிலிருந்து நாலரை, ஐந்து மணித்தியாலத்தில் டுபாய்க்குப் போய், அங்கிருந்து இடைநில்லாமல் ஏறத்தாழ 14 மணித்தியாலம் பறந்து ரொறன்ரோவில் இறங்குவது ஒன்று. கொழும்பிலிருந்து நேரே 11 மணித்தியாலத்தில் லண்டனுக்குப் போய், சித்தி வீட்டில் இரண்டு நாள் தங்கி, பிறகு எட்டு மணித்தியாலம் பறப்பது மற்றையது. அதற்கு பிரித்தானிய விசாவும் எடுக்க வேண்டும். வானில் இருக்கும் மொத்த நேரம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஒவ்வொரு விமான நிறுவனமும் தன்னுடைய ஆசனமே வசதியானது என்று சொல்கிறது. ஒன்று 31 அங்குலம் என்கிறது, இன்னொன்று 32 என்கிறது. அந்த ஓர் அங்குலத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாமா? பிசினஸ் வகுப்பு எங்கள் வசதிக்கு எட்டாது. அதற்கும் சாதாரண எக்கொனமி வகுப்புக்கும் இடைப்பட்ட பிரீமியம் எக்கொனமியை ஒரு வழிக்கு மட்டும் எடுக்கலாம். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் பெரிய உதவியாக இருக்கும்.

பயண முகவர், மட்டக்களப்பு நகர்

வணக்கம் சகோதரி. எங்களிடம் டிக்கெட் எடுக்க வருகிறவர்களில் பெரும்பாலானோர் நிறுவனத்தின் பெயரைத்தான் முதலில் கேட்கிறார்கள். நான் விமானத்தின் வகையை முதலில் பார்க்கச் சொல்வேன். ஒரே நிறுவனத்தின் இரண்டு விமானங்களில் ஆசனத்தின் அகலம் ஓர் அங்குலத்துக்கு மேல் வேறுபடலாம், விலையோ ஒன்றாகவே இருக்கும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். போயிங் 777 விமானத்தின் உள்ளகலம் ஏறத்தாழ 5.87 மீற்றர். அதில் இப்போது பெரும்பாலான நிறுவனங்கள் ஒரு வரிசைக்குப் பத்து ஆசனங்களை, அதாவது மூன்று, நான்கு, மூன்று என்று வைக்கின்றன. நடைவழிகளையும் சேர்த்துப் பிரித்தால் ஓர் ஆளுக்கு 59 சென்ரிமீற்றர் கூட வராது. எயார்பஸ் ஏ350 விமானத்தின் உள்ளகலம் 5.61 மீற்றர்தான், ஆனால் அதில் வழமையாக ஒன்பது பேர் இருப்பதால் ஆளுக்கு 62 சென்ரிமீற்றர் கிடைக்கிறது. ஏ380 இன் கீழ்த்தளம் ஏறத்தாழ 6.5 மீற்றர், அங்கே பத்துப் பேர், ஆகவே ஆளுக்கு 65. ஏ330 இல் இரண்டு, நான்கு, இரண்டு என்று எட்டுப் பேர், ஆளுக்கு 66. இதனால்தான் 777 இல் 17 அங்குலம் வரையில் இருக்கும் ஆசனம் மற்ற மூன்றிலும் 18 அங்குலமாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கிறது. 777 சேவைக்கு வந்த 1995 இல் பல நிறுவனங்கள் அதிலும் ஒன்பது ஆசனங்களையே வைத்திருந்தன. விமானம் மாறவில்லை, ஆட்களைத்தான் கூட்டியிருக்கிறார்கள். போயிங் 787 இலும் இதேதான் நடந்தது. ஜப்பான் எயார்லைன்ஸ் தன் சர்வதேசச் சேவைகளில் எட்டு ஆசனங்களையே வைத்திருக்கிறது, ஏனைய நிறுவனங்களில் பெரும்பாலானவை ஒன்பதை வைத்து அகலத்தை 17 அங்குலத்துக்குச் சற்று மேலாகக் குறைத்துவிட்டன.

டுபாயிலிருந்து ரொறன்ரோவுக்கு எமிரேட்ஸ் நீண்ட காலமாக ஏ380 ஐ அனுப்பி வருகிறது. கொழும்பிலிருந்து டுபாய்க்குப் போவது வழமையாக 777. நாலரை மணித்தியாலத்துக்கு நெருக்கத்தைப் பொறுக்கலாம், பதினான்கு மணித்தியாலத்துக்குப் பொறுப்பது கடினம். ஆகவே நீண்ட கட்டத்தில் எந்த விமானம் என்பதைத்தான் டிக்கெட்டில் பார்க்க வேண்டும். 388 என்றால் ஏ380, 77W என்றால் 777-300ஈஆர், 359 அல்லது 351 என்றால் ஏ350, 789 என்றால் 787-9. நிறுவனங்கள் இடையில் விமானத்தை மாற்றுவதுண்டு. புறப்படுவதற்கு ஒரு கிழமைக்கு முன்னர் மீண்டும் ஒருமுறை பாருங்கள்.

நீங்கள் கேட்ட 31, 32 என்பது ஆசனத்தின் அகலமன்று. ஓர் ஆசனத்தின் ஒரு புள்ளியிலிருந்து முன் ஆசனத்தின் அதே புள்ளி வரையுள்ள தூரம் அது. முதுகுப் பகுதி மெல்லியதாக இருந்தால் 31 அங்குலத்திலும் முழங்காலுக்கு இடம் கிடைக்கும், தடிப்பாக இருந்தால் 32 இலும் முட்டும். ஆயினும் பறக்கும் நேரம் கூடக் கூட இந்த அங்குலங்களைப் பெரிய நிறுவனங்களே பெரிதாக எடுத்துக்கொள்கின்றன. 2018 பங்குனியில் பேர்த்திலிருந்து லண்டனுக்கு, ஏறத்தாழ 14,500 கிலோமீற்றரை 17 மணித்தியாலத்தில் கடக்கும் சேவையைத் தொடங்கிய குவாண்டாஸ், தன் 787-9 இல் 236 ஆசனங்களை மட்டும் வைத்து எக்கொனமிக்கு 32 அங்குலம் கொடுத்தது. சிட்னியிலிருந்து லண்டனுக்கும் நியூயோர்க்குக்கும் இருபது மணித்தியாலமளவில் பறப்பதற்கென்று அது வாங்கும் ஏ350-1000 இல் ஆசனங்கள் 238 தான். மற்ற நிறுவனங்கள் அதே விமானத்தில் முந்நூறுக்கு மேல் ஏற்றுகின்றன. அங்கே எக்கொனமிக்கு 33 அங்குலமும், எழுந்து நின்று உடம்பை நீட்டி மடக்குவதற்கென்று தனி இடமும் திட்டமிடப்பட்டிருக்கின்றன.

அக்கரைப்பற்று வாசகர்

முகவர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எங்கள் மகன் நியூ ஜேர்சியில் இருப்பதால், நானும் மனைவியும் சிங்கப்பூரிலிருந்து நியூயோர்க்குக்கு இடைநில்லாது செல்லும் சிங்கப்பூர் எயார்லைன்ஸ் சேவையில் போயிருக்கிறோம். பதினெட்டரை மணித்தியாலத்துக்குக் குறையாது. 15,300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட அந்தத் தூரத்துக்கென்று அவர்கள் ஏ350-900யூஎல்ஆர் என்ற வகையை 2018 ஐப்பசியில் கொண்டுவந்தார்கள். அதில் 67 பிசினஸ் ஆசனங்களும் 94 பிரீமியம் எக்கொனமி ஆசனங்களும் மட்டுமே உள்ளன. எக்கொனமி வகுப்பே கிடையாது.

முதல் ஐந்தாறு மணித்தியாலம் எந்த ஆசனமும் நல்ல ஆசனமாகவே தோன்றும். சாப்பாடு முடிந்து, விளக்குகளை அணைத்து, ஒரு தூக்கமும் தூங்கி எழுந்த பிறகுதான் அதன் குணம் தெரியும். மெத்தை நடுவில் அமுங்கி, அடியில் இருக்கும் சட்டம் தொடையிலும் வால் எலும்பிலும் படத் தொடங்கும். அதன் பின்னர் நாம் ஒரு பக்கமாகச் சரிந்து, பிறகு மறுபக்கமாகச் சரிந்து, கடைசியில் எழுந்து நிற்போம். இதற்கு நாங்கள் கண்ட வழி, தரும் போர்வையை நாலாக மடித்து இடுப்பின் வளைவுக்குப் பின்னால் வைப்பது. தலையணையை அங்கே வைத்தால் அது தடிப்பாக இருந்து நம்மை முன்னால் தள்ளும்.

பிரீமியம் எக்கொனமியில் 38 அங்குல இடைவெளி இருந்தது. ஆனால் என் மனைவிக்கு உதவியது அந்த இடைவெளியன்று. அவரும் உங்கள் தாயாரைப் போல உயரம் குறைந்தவர், அவருக்குப் பயன்பட்டது கெண்டைக்காலைத் தாங்கும் பலகையும் கீழே இருந்த மிதிபலகையும்தான். பாதம் தொங்காமல் இருந்ததால் காலை வரையில் அவர் முறைப்பாடின்றி இருந்தார். ஆகவே ஒரு வழிக்குத்தான் பணம் இருக்கிறதென்றால், போகும்போது எடுங்கள். மேற்கு நோக்கிப் போகையில் எதிர்க்காற்றினால் நேரம் கூடும், திரும்பி வருகையில் ஒரு மணித்தியாலமளவில் குறையும்.

இயன்மருத்துவர், களுவாஞ்சிக்குடி

அக்கரைப்பற்று ஐயா தன் மனைவியைப் பற்றிச் சொன்ன இடத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் இந்தக் கேள்விக்கான விடை அங்கேதான் இருக்கிறது. ஐந்தடி உயரமுள்ள ஒருவருக்கு முன்னால் இரண்டு அங்குலம் கூடுதலாகக் கிடைப்பதால் பெரிய நன்மை இல்லை. அவருடைய முழங்கால் முன் ஆசனத்தில் முட்டப்போவதில்லை. அவருடைய பாதம் தரையில் முழுமையாகப் படியாது, கால் தொங்கும், அந்தப் பாரம் முழுவதும் ஆசனத்தின் முன்விளிம்பு தொடையின் அடியை அழுத்தும் இடத்தில் வந்து சேரும். அங்கே இரத்தம் மேலே திரும்புவது தடைப்படுவதனால்தான் கணுக்கால் வீங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் 2007 இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, பயணத்தில் நாளக் குருதிக் கட்டி, அதாவது நாளங்களுக்குள் இரத்தம் உறைந்து கட்டியாவது, உண்டாகும் ஆபத்து கூடியவர்களாக 1.90 மீற்றருக்கு மேற்பட்ட உயரமுடையோரை மட்டுமல்லாமல் 1.60 மீற்றருக்குக் குறைந்தோரையும் குறிப்பிட்டிருக்கிறது. நெட்டையானவர்களின் சிரமத்தைப் பற்றியே எல்லோரும் பேசுவதால், எங்கள் தாய்மாரின் சிரமம் கவனிக்கப்படாமல் போகிறது.

அதே ஆய்வு சொன்ன இன்னொரு விடயம் எங்கள் பகுதி மக்களுக்கு மிகவும் பொருந்தும். நான்கு மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் இருந்து பயணம் செய்தால் இந்த ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காகிறது. அது விமானத்துக்கு மட்டுமல்ல, பஸ்ஸுக்கும் புகையிரதத்துக்கும் காருக்கும் உரியது. ஆரோக்கியமானவர்களில் ஏறக்குறைய 6,000 பேருக்கு ஒருவர் என்ற அளவே ஆகையால் அஞ்சத் தேவையில்லை, ஆனால் கணக்கைக் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து தொடங்கக் கூடாது. விமான நிலையத்துக்குப் போகும் வான் வண்டி இங்கே வாசலில் புறப்படும்போதே அம்மாவின் பயணம் தொடங்கிவிடுகிறது. ஆகவே ஆறேழு மணித்தியாலமும் ஒரே இருப்பில் வைத்துக்கொண்டு போகாமல், இடையில் இரண்டு இடங்களிலாவது வண்டியை நிறுத்தி அவரைச் சற்று நடக்கவிடுங்கள். இயலுமென்றால் முதல் நாளே போய் நீர்கொழும்புப் பக்கத்தில் தங்கிவிடுங்கள்.

விமானம் மேலே எழுந்து சமநிலைக்கு வந்ததும், அவருடைய கைப்பையைக் காலடியில் வைத்து அதன் மேல் பாதங்களை ஊன்றச் சொல்லுங்கள். முழங்கால் இடுப்புக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ வர வேண்டும். தேய்ந்த முழங்காலை ஒரே மடிப்பில் வைத்திருந்தால் அது இறுகி, எழும்போது வலிக்கும். ஆகவே இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறையாவது எழுந்து நடக்க வேண்டும், விழித்திருக்கும்போது குதிக்காலை ஊன்றி விரல்களை மேலே தூக்கி, பிறகு விரல்களை ஊன்றிக் குதிக்காலைத் தூக்க வேண்டும். வயதானவர்கள் கழிப்பறைக்குப் போவதைத் தவிர்ப்பதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். அவரை அப்படி இருக்க விடாதீர்கள். நடைவழி ஆசனம் கிடைத்தால் அந்தக் கூச்சமும் பாதி குறையும்.

திருக்கோவில், இப்போது மெல்பேர்ண்

எனக்கு லண்டன் வழியே நல்லதென்று படுகிறது. ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் லண்டனுக்கு ஏ330 ஐயே விடுகிறது. அதில் யன்னல் பக்கத்து இரண்டு ஆசனங்களும் உங்கள் இருவருக்கும் மட்டும் உரியவையாக இருக்கும், அந்நியர் எவரையும் எழுப்பத் தேவையில்லை. சாப்பாடும் மொழியும் அம்மாவுக்குப் பழக்கமானவை. இரண்டு நாள் காலை நீட்டிப் படுத்து எழுந்தால் வீக்கமும் வற்றிவிடும். மெல்பேர்ணுக்கு வரும் என் பெற்றோரும் அதே வகை விமானத்தில்தான் வருகிறார்கள், பத்து மணித்தியாலமளவில் அவர்களால் இயலுகிறது. பதினான்கு என்றால் நான் யோசிப்பேன்.

பயண முகவர், மட்டக்களப்பு நகர்

திருக்கோவில் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த வழியில் விசாச் செலவும், மீண்டுமொரு முறை விமான நிலையத்துக்குள் வரிசையில் நிற்பதும், பொதிகளை எடுத்துப் போடுவதும் உண்டு. முழங்கால் நோவுள்ளவருக்கு இருப்பதைவிட நிற்பதுதான் கடினம். எந்த வழியானாலும் டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி உதவியைப் பதிவு செய்துவிடுங்கள்.

டுபாய் வழியென்றால், ஏ380 இல் பக்கத்து மூன்று ஆசனங்களை எடுக்காமல் நடுவிலுள்ள நான்கில் ஒரு பக்கத்து இரண்டை எடுங்கள். அம்மா நடைவழியில், நீங்கள் அவருக்கு உள்ளே. உங்களுக்கு அப்பால் இருப்பவர்கள் மறுபக்கத்து நடைவழியால் போய்வருவார்கள், நள்ளிரவில் யாரும் அம்மாவின் கால்களைத் தாண்ட வேண்டியதில்லை. எமிரேட்ஸின் பிரீமியம் எக்கொனமி எல்லா ஏ380 களிலும் இல்லை. இருக்கும் விமானத்தில் ஒரு வரிசைக்கு எட்டு ஆசனங்கள், இடைவெளி 40 அங்குலம், பக்கத்தில் இரட்டை ஆசனம் கிடைக்கும், கெண்டைக்கால் தாங்கியும் உண்டு.

முன்சுவர் வரிசையை, அதாவது முன்னால் ஆசனமின்றித் தடுப்புச் சுவர் மட்டும் இருக்கும் வரிசையை, பலர் விரும்பிக் கேட்பார்கள். அங்கே மேசையும் திரையும் கைதாங்கிக்குள் இருப்பதால் ஆசனம் ஒடுங்குகிறது, கைதாங்கியை உயர்த்தவும் முடியாது, புறப்படும்போதும் இறங்கும்போதும் பையைக் காலடியில் வைக்கவும் விடமாட்டார்கள். கைக்குழந்தைகளுக்குத் தொட்டில் பொருத்துவதும் அங்கேதான். அவசர வாயில் வரிசையை முழங்கால் நோவுள்ளவருக்குக் கொடுக்கவே மாட்டார்கள்.

கல்லடி மகள்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மாவின் உயரத்தைப் பற்றி இயன்மருத்துவர் சொன்னதை வாசித்த பிறகு, நான் தேடிக்கொண்டிருந்த அந்த ஓர் அங்குலம் தேவையற்றதென்று விளங்கியது. போகும்போது டுபாய் வழியாக, நீண்ட கட்டத்துக்கு மட்டும் பிரீமியம் எக்கொனமி, திரும்பி வரும்போது நடுப்பகுதியில் இரண்டு ஆசனங்கள் என்று தம்பியுடன் பேசி முடிவெடுத்திருக்கிறோம். இன்னும் ஒன்று கேட்க வேண்டும். அழுத்தக் காலுறையை அம்மாவுக்கு வாங்கலாமா?

இயன்மருத்துவர், களுவாஞ்சிக்குடி

வாங்கலாம், ஆனால் நீரிழிவு இருப்பதால் முதலில் வைத்தியரிடம் காட்டிப் பாதத்தின் நாடித்துடிப்பையும் உணர்ச்சியையும் பார்த்துக்கொள்ளுங்கள். நாடியில் இரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கு அது தீங்கு செய்யும். வைத்தியர் சரியென்றால், முழங்காலுக்குக் கீழ் வரும் வகையைத் தெரிவு செய்து, காலையில் படுக்கையை விட்டு எழுந்தவுடன், வீக்கம் தொடங்குவதற்கு முன்னர், கணுக்காலையும் கெண்டையையும் அளந்து அந்த அளவுக்கே எடுங்கள். புதிதாக வாங்கியதைப் பயணத்தன்று முதன்முதலாக அணிவிக்காமல், சில நாட்கள் வீட்டில் போட்டு மேல்விளிம்பு சுருண்டு இறுக்குகிறதா என்று பாருங்கள். அஸ்பிரின் மாத்திரையை யாராவது சொன்னார்கள் என்பதற்காக நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.