மறு: விமானக் கூட்டுக்கு ‘ஆயுள் வரம்பு’ சரியா?

> லிமிட் ஆஃப் வாலிடிட்டி = ஆயுள் வரம்பு. எல்லோருக்கும் புரியும், இதையே வைத்துக்கொள்ளலாம்.

ஐயா, விமானத்தின் உடற்கூட்டை எதுவரைக்கும் பறக்கவிடலாம் என்று வைக்கிற எல்லைதான் ‘லிமிட் ஆஃப் வாலிடிட்டி’; அதற்குத் தமிழில் ‘ஆயுள் வரம்பு’ என்றால் புரியத்தான் செய்யும். ஆனால் ‘ஆயுள் வரம்பு’ இரண்டு வேறு சங்கதிகளை ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறது.

முதல் சங்கதி, எஞ்சின் சுழல்தட்டு, லேண்டிங் கியர் போன்றவை. விரிசல் விழட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இவற்றில் காத்திருக்க முடியாது. சோதனையில் தாங்கியதைவிட வெகுவாகக் குறைத்து, இத்தனை பறப்பு என்பதுபோல ஓர் எண் வைப்பார்கள். அந்த எண் வந்ததும் கழற்றிவிட வேண்டும், பார்க்கப் புத்தம்புதுசாக இருந்தாலும். எங்கள் பெரம்பூர் ரயில் ஒர்க்‌ஷாப் பக்கம் இதற்கு வாகாக ஒரு சொல் உண்டு: ‘கண்டம்’. கண்டம் பண்ணியாச்சு என்றால் அப்புறம் பேச்சே இல்லை. கழித்துக்கட்டுவதைச் சொல்லும் ஆங்கிலக் ‘கண்டெம்’மிலிருந்து வந்ததுதான், ஆனாலும் ஜோசியர் சொல்லும் கண்டத்தோடு சேர்ந்து நன்றாகவே ஒட்டிக்கொண்டது. ‘கண்டக் கெடு’ என்று வைக்க எனக்கு ஆசை. வடசென்னை வாடை அதிகம் என்பவர்களுக்குக் ‘கழிப்புக் கெடு’.

இரண்டாவது, விமானத்தின் கூடு. இங்கே கதை வேறு. 1954-இல் பிரிட்டனில் செய்த இரண்டு காமெட் ஜெட் விமானங்கள் நடுவானில் சிதறின. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ ஆய்வு மையத்தில் இன்னொரு காமெட்டைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, உள்ளே அழுத்தம் ஏற்றி ஏற்றி இறக்கினார்கள். பறந்ததையும் சோதனையையும் சேர்த்து 3,057-ஆவது சுற்றை (ஒரு பறப்புக்கு ஒரு சுற்று) எட்டியபோது கூடு கிழிந்தது. மணிக்கணக்கைவிடப் பறப்புக் கணக்கு முக்கியம் என்பது அப்போது உறைத்தது. அடுத்து, ஒரு பாகம் போனாலும் இன்னொன்று தாங்கும் என்று வடிவமைத்தார்கள். 1977-இல் ஜாம்பியாவின் லுசாகா அருகே ஒரு போயிங் 707-இன் வால் இறக்கை பிய்ந்தது. முதல் பாகம் விரிசல் விட்டுக் கிடந்ததே யார் கண்ணிலும் படவில்லை. தாங்க வேண்டிய இரண்டாவதும் தாங்கவில்லை.

இன்றைய பராமரிப்பு அட்டவணையின் உயிர்நாடி இதற்குப் பிறகு, 1978-இல் வந்த விதியில் இருக்கிறது. விரிசல் ஏற்கெனவே இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். கருவிக்கு அகப்படும் அளவிலிருந்து, ஆபத்தான நீளத்தை எட்ட அதற்கு எத்தனை பறப்பு ஆகும் என்று கணக்கிட வேண்டும். பேச்சுக்கு 12,000 என்று வையுங்கள். அப்படியானால் 6,000-க்கு ஒருமுறையாவது அந்த இடத்தைப் பார்த்தாக வேண்டும், ஒருமுறை தவறவிட்டாலும் இன்னொரு வாய்ப்பு கிடைக்கும்படி. இதைச் ‘சேதத் தாங்குமை’ என்று முந்தைய மடலில் ஒருவர் எழுதியிருந்தார், நல்ல சொல்.

ரயில் பெட்டியின் ஓரத்தில் பி.ஓ.எச். (குறித்த காலத்துக்கு ஒருமுறை செய்யும் முழுப் பராமரிப்பு) முடிந்த தேதியையும் திரும்பவேண்டிய தேதியையும் பெயின்டில் எழுதியிருப்பார்கள், கவனித்திருப்பீர்கள். அங்கே பெரும்பாலும் நாட்காட்டி போதும். விமானத்துக்குப் பறப்பு, மணி, மாதம் என்று மூன்று கணக்கு ஓடும். பெரும்பாலும் எது முதலில் வருகிறதோ அதுதான். மாதம் எதற்கு? உலோக அரிப்புக்கு. அது நிறுத்தி வைத்தாலும் நிற்காது. கடலோரக் காசிமேட்டில் பைக் நிறுத்துகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, சொல்லுக்கு வருகிறேன். 1988-இல் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737-க்கு ஹவாயில் பறக்கும்போதே கூரை பிய்ந்தது. 35,496 மணி நேரத்தில் 89,680 பறப்பு. சராசரியாக ஒரு பறப்புக்கு 24 நிமிடம்கூட இல்லை, தீவுக்குத் தீவு தாவிய விமானம், போதாததற்கு உப்புக் காற்று. ரிவெட் வரிசையில் பொடிப்பொடியாக விழுந்த விரிசல்கள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன. ஒற்றை விரிசலுக்குப் போட்ட கணக்கு இங்கே செல்லாது. அதனால் 2010-இல் அமெரிக்க விமானத் துறை ஒரு விதி கொண்டுவந்தது: எத்தனை பறப்பு, எத்தனை மணி வரைக்கும் உங்கள் பராமரிப்புத் திட்டத்துக்குச் சோதனைச் சான்று கையில் இருக்கிறது, சொல்லுங்கள்; அதைத் தாண்டிப் பறக்கக் கூடாது.

ஆக, வரம்பு சான்றுக்குத்தான், உலோகத்துக்கு அல்ல. புதிய சோதனை செய்து காட்டினால் கோட்டைத் தள்ளிவைக்கலாம். ‘ஆயுள் முடிந்தது’ என்று மொழிபெயர்த்துவிட்டு, அடுத்த வரியில் ‘ஆயுளை நீட்டினார்கள்’ என்று எழுதினால் படிக்கிறவர் மோசடி நடந்ததாக நினைப்பார்.

எனவே என் பரிந்துரை: சான்றெல்லை.

> சான்று என்றால் சாதிச் சான்றிதழ் ஞாபகம் வருகிறதே?

தண்டையார்பேட்டை தாலுகா ஆபீஸில் வரிசையில் நின்றவர்களுக்கு வரத்தான் செய்யும். ஆனால் ‘செல்லுபடி எல்லை’ அதைவிட மோசம், பஸ் பாஸ் மாதிரி பணம் கட்டினால் புதுப்பித்துவிடலாம் என்று தோன்றும். சான்றுக்கு ஆதாரம் என்ற பழைய பொருள் இன்னும் சாகவில்லை.

ஒரு பாகம் போனாலும் இன்னொன்று தாங்கும் என்ற அந்த வடிவமைப்புக்கான சொல், ‘ஃபெயில் சேஃப்’, இன்னும் அந்தரத்தில் தொங்குகிறது. ‘பழுது காப்பு’ என்று யாரோ எழுதியது இன்ஷூரன்ஸ் போல ஒலிக்கிறது. வேறு ஏதாவது இருந்தால் போடுங்கள்.