சேப்பாக்கம் கல்லூரிக் கட்டடங்களும் மெட்ராஸ் டெரஸும்

மதில்பூனை:
மாநிலக் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் இரண்டுமே கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம் வடிவமைத்தவை. இடையில் சேப்பாக்கம் அரண்மனைதான் இருக்கிறது. பிறகு ஏன் ஜாடையே ஒத்துப்போகவில்லை? இன்னொன்று: அந்தக் காலக் கல்லூரிகளில் மெட்ராஸ் டெரஸ் எனும் செங்கல்-சுண்ணாம்பு மொட்டைமாடித் தளம் ஒழுகினால் மேலே சிமென்ட் போடுகிறார்களே, அது சரியா?

காரைச்சட்டி:
இந்தக் கட்டடங்களின் வடிவமைப்புக்காக 1864இல் நடந்த போட்டியில் தேர்வானவர் சிஷோம். கல்லூரிக் கட்டடம் 1870இல் முடிந்தது; அதில் இத்தாலியச் சாயல் தூக்கல். பிறகு சேப்பாக்கம் அரண்மனையில் கட்டட வேலை பார்த்தார். 1874இல் தொடங்கி 1879இல் முடித்த செனட் ஹவுஸில் இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியக் கூறுகள் கலந்த இந்தோ-சாரசெனிக் பாணி முழுசாக வந்துவிட்டது. மூலைக்கொன்றாக நிற்கும் நான்கு கோபுரங்களைப் பார்த்தாலே போதும்.

சிமென்ட் கூடவே கூடாது. மெட்ராஸ் டெரஸ் என்பது தேக்குச் சட்டங்கள் மேல் உட்காரும் தளம். 6 அங்குல நீளம், 3 அங்குல அகலம், 1 அங்குலத் தடிமன் உள்ள சின்னச் செங்கலைப் படுக்க வைக்காமல், செங்குத்தாக நிறுத்தி, சட்டத்துக்குக் குறுக்காகச் சாய்வு வரிசையில் சுண்ணாம்புச் சாந்தில் பதிப்பார்கள். அது இறுகியதும் 4 அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரை. மரக்கட்டையால் மூன்று நாள் விடாமல் தட்ட, 3 அங்குலமாக அமுங்கும். தட்டும்போது கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளிப்பதுண்டு. அதற்கும் மேலேதான் தட்டோடு, அதாவது தட்டையான ஓடு. இந்தத் தளம் ஈரத்தை வாங்கும், வெயிலில் விட்டுவிடும். சிமென்ட் போட்டால் மேல்வழி அடைபட்டு, ஈரம் கீழே சட்டத்துக்கு இறங்கும். பாரமும் கூடும்.

மதில்பூனை:
எங்கே கெட்டிருக்கிறது என்று கீழிருந்தே கண்டுபிடிக்க முடியுமா?

தேக்குச்சட்டம்:
முடியும். சட்டத்தின் நடுவைப் பார்ப்பவர்கள்தான் அதிகம். உளுப்பது சுவருக்குள் புதைந்த முனை. சுவரை ஒட்டி ஸ்க்ரூ டிரைவரால் குத்துங்கள், மெத்தென்று இறங்கினால் போச்சு. தட்டினால் நல்ல மரம் கணீரென்று கேட்கும், கெட்டது பொத்தென்று. கரையான் மண்கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மாற்றுவதென்றால் முதலில் இரண்டு பக்கச் சட்டங்களுக்கும் சேர்த்து முட்டுக் கொடுக்க வேண்டும். பதிந்த செங்கல்கள் ஒன்றையொன்று நெருக்கித்தான் நிற்கின்றன; முட்டில்லாமல் ஒரு சட்டத்தை உருவினால் பக்கத்து வரிசையும் சேர்ந்து சரியும். புதுச் சட்டத்தின் முனையைச் சாந்தால் அடைக்காதீர்கள், சுற்றிலும் காற்றுப் போக விரலிடை விடுங்கள்.

காரைச்சட்டி:
அதற்கும் முன்னால் மழைநீர்க் குழாய் வாயைப் பாருங்கள். அரசங்கன்று முளைத்து அடைத்திருந்தால் தண்ணீர் அங்கேயே தேங்கும். மேலாக வெட்டினால் மறுபடி துளிர்க்கும், வேரோடு எடுத்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்தால் மூட வேண்டும். பாதி ஒழுகல் அதிலேயே நிற்கும்.