மனைவி சிங்கப்பூர்ப் பிரஜை, கணவர் இந்தியர்: திருச்சியில் குடியேற ஓசிஐயா, என்ட்ரி விசாவா?

புதுக்குடித்தனம்:
நான் இந்தியக் குடிமகன், மனைவி சிங்கப்பூர்ப் பிரஜை. 8 மாதத்துக்கு முன் சிங்கப்பூர் திருமணப் பதிவகத்தில் பதிவு செய்தோம். அதன்பின் திருச்சியில் கோயில் கல்யாணம். வாழ்க்கைத்துணை வகையில் ஓசிஐ (இந்திய வம்சாவளியினருக்கும் இந்தியரின் வெளிநாட்டுத் துணைக்கும் தரும் நீண்டகால அட்டை) போட்டதில், பதிவு செய்து 2 ஆண்டு ஆகவில்லை என்று திருப்பிவிட்டார்கள். இ-டூரிஸ்ட் விசாவில் வரச் சொல்லுங்கள், இங்கே வந்து மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் ஒரு ஏஜென்ட். சரிவருமா? வீடு என் அப்பா பெயரில் இருக்கிறது. மனைவிக்கு வேலைக்கும் போக வேண்டும்.

கோப்புக்கட்டு:
ஏஜென்ட் சொல்வதைக் கேட்காதீர்கள். இ-டூரிஸ்ட் விசாவை நீட்டிக்கவும் முடியாது, வேறு விசாவாக மாற்றவும் முடியாது. இந்தியாவுக்கு வந்த பிறகு இங்கே ஓர் இந்தியரை மணப்பவர்களுக்கு விசா மாற்றத்தில் ஒரு வழி உண்டு. அதை வைத்துத்தான் எல்லோருக்கும் ஒரே மருந்தைச் சொல்கிறார்கள். உங்கள் திருமணம் அவர் இங்கே வருவதற்கு முன்பே பதிவாகிவிட்டதால் அந்த வழி உங்களுக்கு இல்லை.

உங்களுக்கு வேண்டியது என்ட்ரி விசா, அதாவது எக்ஸ் விசா. இந்தியரின் கணவன் அல்லது மனைவிக்கு 5 ஆண்டு வரை தருவார்கள். மனைவி சிங்கப்பூரில் இருக்கும்போதே அங்குள்ள இந்தியத் தூதரகம் வழியாகப் போடுங்கள். திருமணச் சான்றிதழுக்கு அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டில் செல்லுபடியாகும் சான்றொப்பம், வாங்கிவிடுங்கள். சிங்கப்பூர் 2021இல் அப்போஸ்டில் உடன்படிக்கைக்குள் வந்துவிட்டது. சிங்கப்பூர் அகாடமி ஆஃப் லா முத்திரை போட்டுத் தரும். உங்கள் பாஸ்போர்ட்டில் மனைவி பெயரை ஏற்றிவிட்டால் பாதிக் கேள்வி குறையும்.

2 ஆண்டுக் கணக்கு பற்றி: குடியுரிமைச் சட்டம் 7ஏ பிரிவு, திருமணம் "பதிவு செய்யப்பட்டு" விண்ணப்பத்துக்கு முன் 2 ஆண்டு தொடர்ந்து நீடித்திருக்க வேண்டும் என்கிறது. ஆகவே முகூர்த்தத் தேதி எடுபடாது, பதிவுத் தேதிதான். எல்லாப் படிவத்திலும் சிங்கப்பூர்ச் சான்றிதழில் உள்ள தேதியையே எழுதுங்கள். ஒன்றில் கோயில் தேதி, இன்னொன்றில் பதிவுத் தேதி என்று போனால் எது திருமணம் என்ற விசாரணையில் மாதங்கள் போய்விடும்.

வாசற்படி:
இறங்கிய பிறகு செய்ய வேண்டியதைச் சேர்த்துக்கொள்கிறேன். விசா 180 நாளுக்கு மேற்பட்டதாக இருந்தால் வந்த 14 நாளுக்குள் எஃப்ஆர்ஆர்ஓவில் (வெளிநாட்டவர் பதிவு அலுவலகம்) பதிவு செய்ய வேண்டும். சில விசாவில் ஒவ்வொரு தங்கலும் 180 நாளைத் தாண்டக் கூடாது என்று அச்சிட்டிருக்கும். குடியேற வருகிறவருக்கு அது ஒத்துவராது. விசா கைக்கு வந்ததும் அந்த வரியைப் படித்துவிடுங்கள். திருத்தம் கேட்பதென்றால் சிங்கப்பூரிலேயே கேட்பதுதான் லேசு.

பதிவு இப்போது இ-எஃப்ஆர்ஆர்ஓ தளத்தில், இணையத்திலேயே. கோப்பு பெரும்பாலும் மாட்டுவது முகவரிச் சான்றில்தான். வீடு அப்பா பெயரில் என்றால் ஈபி ரசீது மட்டும் போதாது: மகனும் மருமகளும் இங்கேதான் குடியிருக்கிறார்கள் என்று அப்பாவின் கையெழுத்துக் கடிதம், அவருடைய அடையாள அட்டை, உங்கள் ஆதாரில் அதே முகவரி. ஆதாரில் பழைய வாடகை வீடு இருந்தால் மனைவி வருவதற்கு முன்பே மாற்றுங்கள், 14 நாள் கெடுவுக்குள் அது முடியாமல் போகலாம். அவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள், வெளிநாட்டவர் தங்குவதைத் தெரிவிக்கும் படிவமும் (முன்பு சி படிவம் என்றிருந்தது) போட வேண்டும். அது ஓட்டல்காரர்களுக்கு மட்டும் என்று பலரும் விட்டுவிடுகிறார்கள்; வீட்டில் தங்கவைப்பவருக்கும் உண்டு.

வேலை: எக்ஸ் விசா கிடைத்தாலே வேலை செய்யலாம் என்று பொருளில்லை. எஃப்ஆர்ஆர்ஓ அனுமதி எழுத்தில் கைக்கு வருமுன் சம்பளம் வாங்க வேண்டாம். ஓசிஐ வந்துவிட்டால் இந்தச் சிக்கலும் இல்லை, எஃப்ஆர்ஆர்ஓ பதிவும் இல்லை. பத்திரிகை, ஆராய்ச்சி, மதப் பிரசாரம், மலையேற்றம் போன்றவற்றுக்கு மட்டும் தனி அனுமதி தேவை.

நாலாம்தலைமுறை:
இதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். மனைவியின் தாத்தா பாட்டி எந்த ஊர்? தமிழ்க் குடும்பம்தானே?

புதுக்குடித்தனம்:
ஆமாம். மாமனார் சிங்கப்பூரில் பிறந்தவர். அவருடைய அப்பா தஞ்சாவூர்ப் பக்கம், 1946இல் கப்பலேறியவர். மாமியாரின் அம்மா காரைக்கால். ஆனால் இருவரிடமும் இந்திய பாஸ்போர்ட் எப்போதும் இருந்ததில்லை. அதனால் பூர்வீக வகையில் ஓசிஐ முடியாது என்று நினைத்தோம்.

நாலாம்தலைமுறை:
முடியும். பாஸ்போர்ட் வைத்திருந்தாரா என்பதல்ல சட்டத்தின் கேள்வி. 26.1.1950 அன்று இந்தியக் குடிமகனாகத் *தகுதி* இருந்தவரின் பிள்ளை, பேரன் பேத்தி, கொள்ளுப்பேரன் பேத்திக்கும் 7ஏ பிரிவில் இடமுண்டு. அன்றைய இந்தியாவில் பிறந்து வெளிநாட்டில் வசித்தவருக்கு அரசியலமைப்பின் 8ஆம் உறுப்பு அந்தத் தகுதியைக் கொடுத்தது. தஞ்சாவூர்த் தாத்தா அதில் வருகிறார். காரைக்கால் பாட்டி இன்னொரு உட்பிரிவில் வருகிறார்: 15.8.1947க்குப் பின் இந்தியாவோடு சேர்ந்த நிலப்பகுதியைச் சேர்ந்தவர்.

இந்த வழியில் 2 ஆண்டு காத்திருப்பு கிடையாது. அதைவிடப் பெரிது வேறொன்று. துணை வகை ஓசிஐ திருமணத்தோடு கட்டுண்டது: விவாகரத்து ஆனால் 7டி பிரிவில் ரத்து செய்யலாம், ஒவ்வொரு முறை பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போதும் 3 மாதத்துக்குள் திருமணம் நீடிக்கிறது என்ற உறுதிமொழியோடு பதிவேற்ற வேண்டும். பூர்வீக வகையில் இந்தத் தலைவலி இல்லை. இரண்டுக்கும் தகுதி இருக்கும்போது துணை வகையைத் தேர்ந்தெடுப்பது வீண் என்பது என் கருத்து. ஒரு விலக்கு: முன்னோர் யாராவது பாகிஸ்தான் அல்லது வங்கதேசக் குடிமகனாக இருந்தால் ஓசிஐயே கிடையாது.

கஷ்டம் ஆதாரத்தில்தான் இருக்கிறது. சங்கிலி அறுபடக் கூடாது: மனைவியின் பிறப்புச் சான்றில் அப்பா பெயர், அப்பாவின் பிறப்புச் சான்றில் தாத்தா பெயர், தாத்தா இந்தியாவில் பிறந்ததற்கு ஒரு தாள். மாமனாரின் சான்று தொலைந்திருந்தால் சிங்கப்பூர்க் குடிநுழைவு ஆணையத்தில் பதிவேட்டுப் பிரதி கேட்கலாம். தாத்தாவுக்கு அவருடைய சிங்கப்பூர்க் குடியுரிமைச் சான்றிதழைத் தேடுங்கள். பிறந்த இடம் இந்தியா என்று அதில் இருந்தால் நல்ல ஆதாரம். இல்லாவிட்டால் சொந்த ஊர்த் தாசில்தாரிடம் பிறப்பிடச் சான்று, அதாவது நேட்டிவிட்டி. ஊரில் பங்காளிகள் இருந்தால் பழைய பத்திரம், பட்டா துணைக்கு உதவும், தனியாக நிற்காது.

புதுக்குடித்தனம்:
தாத்தாவின் குடியுரிமைச் சான்றிதழ் மாமனாரிடம் இருக்கிறது! பிறந்த இடம் "தஞ்சாவூர், இந்தியா". ஆனால் அதில் பெயர் கோவிந்தன்; மாமனாரின் பிறப்புச் சான்றில் கோவிந்தசாமி.

கோப்புக்கட்டு:
அந்தக் காலத்துக் குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதியது. தூதரகத்துக்கு இது புதிதல்ல. ஆனால் நீங்களாக முந்திக்கொண்டு விளக்க வேண்டும். இரண்டு பெயரும் ஒருவரே என்று மாமனார் நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் செய்யட்டும். அதோடு இரண்டையும் இணைக்கும் மூன்றாவது தாள் ஒன்று வேண்டும்: தாத்தாவின் அடையாள அட்டை எண் வரும் இறப்புச் சான்று, திருமணப் பதிவு, எதுவாக இருந்தாலும் சரி. உறுதிமொழி மட்டும் தனியே போனால் திரும்பி வரும்.

படிவத்தில் சின்ன விஷயங்கள்: புகைப்படம் சதுரம், பின்னணி வெளிர் நிறம், வெள்ளை கூடாது. கையெழுத்துப் படம் உயரத்தைப்போல் மூன்று மடங்கு அகலம். கட்டணம் வெளிநாட்டில் 275 அமெரிக்க டாலர் மதிப்பு, இந்தியாவில் 15,000 ரூபாய். தாத்தாவின் தாள்கள் சிங்கப்பூரில் இருப்பதால் அங்கேயே போடுங்கள்.

வாசற்படி:
ஓசிஐ வரும்வரை காத்திருக்க முடியாது, இப்போதே வர வேண்டும் என்றால் எக்ஸ் விசாவில் வரட்டும். அதற்குப் போட்டதை ஓசிஐ படிவத்தில் மறைக்க வேண்டாம்.

இன்னொன்று. ஓசிஐ இருந்தாலும் வயல், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. வாரிசாக வந்தால் வேறு. அப்பா ஊர் நிலத்தை இருவர் பெயரிலும் எழுதிவைக்க நினைத்தால் முதலில் வக்கீலிடம் கேளுங்கள்.

புதுக்குடித்தனம்:
மிக்க நன்றி. குழந்தை பிறந்தால்?

நாலாம்தலைமுறை:
இந்தியாவில் பிறந்தால், நீங்கள் இந்தியர், மனைவி செல்லுபடியாகும் விசாவிலோ ஓசிஐயிலோ இருக்கிறார் என்பதால் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். சிங்கப்பூர்க் குடியுரிமை வேண்டுமென்றால் பிறந்து ஓராண்டுக்குள் அங்கே பதிய வேண்டும். இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், இந்தியா ஒப்புக்கொள்ளாது. ஆண் பிள்ளை என்றால் சிங்கப்பூர்ப் பதிவோடு தேசிய சேவைக் கடமையும் வரும். அதை யோசித்துவிட்டுப் பதியுங்கள்.