இரவுப் புறப்பாட்டில் நாயனம்: எந்த ஃபிலிம், எந்த லென்ஸ்?

மன்னார்குடிக்காரன்:
வணக்கம். என் பெரியப்பா நாற்பது வருஷமாக நாயனம் வாசிக்கிறார். மாசித் திருவிழாவில் சுவாமி புறப்படும்போது அவர் மல்லாரி வாசிப்பதைக் கருப்பு வெள்ளையில் எடுத்து வீட்டுக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. கையில் இருப்பது அப்பாவின் நிக்கான் எஃப்எம்2, 35-70 ஜூம். போன வருஷம் எச்பி5 என்ற கருப்பு வெள்ளை ஃபிலிம் போட்டு, அதன் பெட்டியில் இருக்கிற வேகமான 400லேயே எடுத்தேன். லென்ஸ் திறப்பு எஃப் 4.5ல் மீட்டர் 1/15 விநாடி காட்டியது, கழுவிப் பார்த்தால் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்து, விரல்களெல்லாம் இழுவிப் போயிருந்தன. வாசிக்கிறவர் கண்ணில் ஃபிளாஷ் அடிக்க மனசு வரவில்லை. வேறு கேமரா வாங்க வேண்டுமா, டெல்டா 3200 என்ற வேகமான ஃபிலிம் போட்டால் போதுமா?

இருட்டறை:
கேமராவைத் தொடாதீர்கள் தம்பி, அது நல்ல கேமரா. 50 எம்எம் எஃப் 1.8 ஒன்று பழையதாகப் பார்த்து வாங்குங்கள். 4.5ஐ விட ஆறு மடங்கு வெளிச்சம் விடும், உங்கள் 1/15 அதிலேயே 1/90 பக்கம் வந்துவிடும். அதே எச்பி5ஐ 1600ல் வைத்து எடுத்தால் இன்னும் நாலு மடங்கு, 1/250 தாராளமாகக் கிடைக்கும். தவில்காரர் கைக்கு அவ்வளவு வேண்டும், பெரியப்பா நின்று நிதானமாக ராகம் வாசிக்கும்போது 1/60 போதும். டெல்டா பெட்டியில் 3200 என்று போட்டிருந்தாலும் அதன் உண்மையான வேகம் ஆயிரம்தான்.

முகம் வெளுத்ததற்கு ஃபிலிம் காரணமில்லை. பின்னால் இருக்கிற இருட்டையும் சேர்த்து மீட்டர் கணக்குப் போட்டிருக்கிறது. அவர் நிற்கிற அதே வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்கையை அளந்து, அதற்கு மேல் ஒரு ஸ்டாப் கூடுதலாக, அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம் விட்டு வைத்துக்கொள்ளுங்கள், விளக்கு மாறும் வரை மீட்டரைத் திரும்பப் பார்க்க வேண்டாம்.

1600 என்று ஆரம்பித்தால் ரோல் முழுக்க 1600தான், நடுவில் மாற்ற முடியாது. ஐடி-11 டெவலப்பரில், மேற்கொண்டு தண்ணீர் கலக்காமல், 20 டிகிரியில் 14 நிமிடம் கழுவ வேண்டும். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் 20க்கு எங்கே வரும், அதனால் அகலமான பேசினில் ஐஸ்கட்டி போட்டு அதற்குள் டெவலப்பர் பாட்டிலை நிறுத்தி, தெர்மாமீட்டர் இறங்கும் வரை பொறுமையாக இருங்கள். ஐஸைக் கரைசலுக்குள் போட்டுவிடாதீர்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், இப்படி இழுத்துக் கழுவினாலும் நிழலில் பதியாதது பதியாததுதான், வேட்டி பளிச்சென்று வரும், பின்னால் நிற்கிறவர்கள் கருப்பில் போய்விடுவார்கள்.

சீவாளி:
அண்ணன் சொன்னதோடு ஒரு விஷயம். எஃப் 1.8ல் மூன்று மீட்டர் தூரத்தில் தெளிவாக விழுகிற ஆழம் 40 செ.மீ. அளவுதான். நாயனமோ கிட்டத்தட்ட இரண்டரை, மூன்றடி நீளம். அவர் உங்களைப் பார்த்து நீட்டி வாசிக்கும்போது அணைசில் (கீழே விரிந்திருக்கிற முனையில்) ஃபோகஸ் வைத்தால் கண் கலங்கிப் போகும். எனக்கு ஒரு ரோல் அப்படித்தான் போனது, இன்னும் மனசு ஆறவில்லை. வாயில் வைத்து ஊதுகிற சீவாளி உதட்டில் படுகிற இடத்தில் வையுங்கள், கண்ணும் விரலும் ஓரளவு சேர்ந்து வரும். முடிந்தால் பக்கவாட்டில் நில்லுங்கள்.

குடந்தை:
கலரில் எடுக்க ஆசை வந்தால் சினிஸ்டில் 800டி என்ற கலர் ஃபிலிம் பழைய மஞ்சள் பல்பு வெளிச்சத்துக்கானது. இப்போது கோயில்களில் இருக்கிற வெள்ளை எல்இடியில் நீலம் அடிக்கும், பல்பைச் சுற்றிச் சிவப்பு வளையமும் வரும். டிஜிட்டல் வைத்திருக்கிறவர்கள் சத்தமில்லாத ஷட்டரைப் போட்டால் சில எல்இடியில் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். உங்களுக்கு எச்பி5தான் சரி.

மன்னார்குடிக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. 50 தேட ஆரம்பித்துவிட்டேன். பெரியப்பாவிடம் கேட்டேன், மல்லாரி வேகமாகப் போய்விடும், வடக்கு வீதி முக்கில் சுவாமி நிற்கும்போது அரை மணி நேரம் ராகம் வாசிப்பேன், அங்கே வந்து நில் என்றார்.

இருட்டறை:
அப்படியென்றால் முந்தின நாள் ராத்திரியே அந்த முக்குக்குப் போய், விளக்கு எந்தப் பக்கம் கட்டியிருக்கிறார்கள் என்று பார்த்து உள்ளங்கையை அளந்து வையுங்கள்.