பள்ளிப் பகடிவதை: பொதுக்கூட்டத்துக்கு முன் மலேசியாவில் எங்கள் பிறை தாமான் (குடியிருப்பு) குழுவில் பேசியவை

கமலா: அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை நடக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொதுக்கூட்டத்தில் ஒரு விஷயத்தை எழுப்ப உங்கள் ஆலோசனை வேண்டும். இடைநிலைப்பள்ளியின் தொடக்கமான புகுமுக வகுப்பில் படிக்கும் என் மகன், சில வாரங்களாக வீட்டுக்கு வந்ததும் புத்தகப்பையைக்கூடக் கழற்றாமல் கழிவறைக்கு ஓடுகிறான். பள்ளிக் கழிவறை வாசலில் மூத்த மாணவர்கள் சிலர் நின்றுகொண்டு காசு கொடுத்தால்தான் உள்ளே விடுகிறார்கள் என்று நேற்றுத்தான் சொன்னான். அதற்குப் பயந்து காலையிலிருந்து அவன் தண்ணீரே குடிப்பதில்லையாம். பள்ளியில் முறையிட்டதற்கு, பையன்கள் விளையாட்டைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்கிறார்கள்.

குமரன்: அக்கா, இது விளையாட்டே இல்லை. உடனே போலீசில் புகார் கொடுங்கள். 2025 ஜூலை 11 முதல் குற்றவியல் சட்டத்தில் 507பி தொடங்கி 507ஜி வரை பகடிவதைக்கெனவே, அதாவது இப்படி மிரட்டித் துன்புறுத்துவதற்கெனவே, புதிய பிரிவுகள் நடப்புக்கு வந்துவிட்டன.

மாலதி வழக்கறிஞர்: குமரன் தம்பி சொல்லும் பிரிவுகள் நம் சமூகத்தின் கண்ணீரோடு சம்பந்தப்பட்டவை. 2024 ஜூலையில் நம் தமிழ்ப் பெண் ஒருவர் இணையப் பகடிவதையால் உயிரிழந்தபோது, அவரை இழிவுபடுத்திய ஒருவருக்கு நீதிமன்றம் விதித்த அபராதம் 100 ரிங்கிட். பழைய சட்டத்தில் அதற்குமேல் இடமில்லை என்று தெரிந்து நாடே கொதித்த பிறகுதான் திருத்தம் வந்தது. இப்போது, ஒருவரின் தூண்டுதலால் இன்னொருவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றாலே 10 ஆண்டு வரை சிறை விதிக்கலாம். அந்தச் சட்டம் தேவைதான். ஆனால் கமலா அக்காவுக்கு வேண்டியது, நாளை காலை இடைவேளையில் அவர் மகன் பயமின்றிக் கழிவறைக்குப் போய்வருவது. வழக்கு முடியும்வரை அந்தப் பிள்ளை தாகத்தோடு காத்திருக்க முடியாது.

சுப்பையா மாமா: எங்கள் காலத்தில் சபையில் வைத்துப் பிரம்பால் இரண்டு அடி கொடுத்தால் எல்லாம் அடங்கிவிடும். இப்போது ஆசிரியரின் கையைக் கட்டிப்போட்டுவிட்டார்கள்.

இராமசாமி ஆசிரியர் (ஓய்வு): மாமா, உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் அடி வாங்கிய மாணவன் அந்த அவமானத்தை, காட்டிக்கொடுத்தவன் மேல்தான் இறக்குவான். அடுத்த முறை எவரும் வாய் திறக்கமாட்டார்கள். கழிவறை வாசலில் மூன்று பேர் காசு கேட்டிருந்தால், அதைக் கண்டும் காணாததுபோல் கடந்துபோனவர்கள் முப்பது பேராவது இருந்திருப்பார்கள். பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்கி, 2009இல் நாடு முழுவதும் பரவத் தொடங்கிய கிவா திட்டம், அந்த முப்பது பேரைத்தான் முதலில் பயிற்றுவிக்கிறது. சிரித்து வேடிக்கை பார்க்கும் கூட்டம் கலைந்துவிட்டால், மிரட்டுபவனுக்குப் பாதி பலம் போய்விடும். ஜப்பானிலோ, ஓட்சு நகரில் 2011இல் ஒரு மாணவன் இறந்தபின் எழுந்த கொந்தளிப்பால், 2013இல் ஒரு சட்டமே இயற்றினார்கள். பகடிவதையைத் தடுக்கும் கொள்கையை ஒவ்வொரு பள்ளியும் எழுத்தில் வகுக்க வேண்டும், அதற்கென நிரந்தரக் குழு ஒன்றை அமைக்க வேண்டும் என்று அது பள்ளியைக் கட்டாயப்படுத்துகிறது. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: பிள்ளையைத் தண்டிக்கும் சட்டத்தோடு, பள்ளியைப் பொறுப்பேற்க வைக்கும் விதியும் வேண்டும்.

குமரன்: ஐயா, புகார் பதிவானால் பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று நிர்வாகமே மூடி மறைக்கிறதே, அதற்கு என்ன செய்வது?

இராமசாமி ஆசிரியர் (ஓய்வு): நோயின் வேர் அங்கேதான் இருக்கிறது, தம்பி. புகாரே இல்லாத பள்ளியை நல்ல பள்ளி என்று மெச்சும்வரை, மறைப்பதே தலைமையாசிரியருக்கு லாபம். எத்தனை புகார் வந்தது என்பதை விட்டுவிட்டு, வந்த புகாரை எத்தனை நாளில், எப்படித் தீர்த்தார்கள் என்று கல்வி இலாகா கேட்க வேண்டும். ஒரே ஆண்டில் பத்துப் புகார்களைப் பதிவுசெய்து பத்தையும் விசாரித்த பள்ளியில்தான் நான் என் பேரனைச் சேர்ப்பேன்.

மாலதி வழக்கறிஞர்: 2025 டிசம்பரில் மக்களவை ஏற்றுக்கொண்ட பகடிவதை எதிர்ப்பு மசோதாவில் தனித் தீர்ப்பாயத்துக்கு வழி இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்துக்குப் போகும் பெற்றோருக்கு ஆவணம்தான் துணை. வாய்மொழியாகச் சொன்ன புகார் காற்றோடு போய்விடும். ஆகவே அக்கா, தேதி, நேரம், இடம், மகன் சொன்ன வார்த்தைகள் எல்லாவற்றையும் இன்றிரவே எழுதிவையுங்கள். தீர்மானத்துக்கு நான் தயாரித்த வாசகம் இது: "எழுத்துமூலம் வரும் ஒவ்வொரு புகாரையும் பள்ளி அன்றே பதிவுசெய்து, மூன்று பள்ளி நாள்களுக்குள் இரு தரப்புப் பெற்றோரையும் தனித்தனியே அழைத்துப் பேச வேண்டும், இடைவேளையில் கழிவறைப் பகுதியில் ஓர் ஆசிரியர் கண்காணிப்பில் இருக்க வேண்டும், மாணவர்கள் அஞ்சும் இடங்களைப் பெயர் குறிப்பிடாமல் தெரிவிக்க ஆண்டுக்கு இருமுறை வாய்ப்பளிக்க வேண்டும்."

சுப்பையா மாமா: தனித்தனியே என்று போட்டது நல்லது. எல்லாரையும் ஒரே அறையில் உட்காரவைத்துக் கைகுலுக்கச் சொன்னால் அந்தப் பையன் வாயே திறக்கமாட்டான். தீர்மானத்தை நான் வழிமொழிகிறேன்.

கமலா: மிக்க நன்றி. கூட்டத்தில் என் மகனின் பெயரை மட்டும் எவரும் சொல்லிவிட வேண்டாம். நாளை காலை கடிதத்தை அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு ஒரு நகலை வாங்கி வருகிறேன்.